பரிசோதனைக் கட்டுப்பாட்டு மென்பொருள் பணிக்கு மாறுவது குறித்து

கேள்வி:
ஆறு ஆண்டுகளாக இணையச் சேவைகளுக்கு மென்பொருள் எழுதிவருகிறேன். இப்போது ஒரு சின்க்ரோட்ரான் ஆய்வுக்கூடத்தில் (எலக்ட்ரான்களை மிக வேகமாகச் சுழற்றி வலிமையான எக்ஸ்-கதிர்களை உண்டாக்கும் இடம்), அக்கதிர்களைப் பரிசோதனைகளுக்குக் கொண்டுவரும் பீம்லைன்களின் கட்டுப்பாட்டு அமைப்பைப் பராமரிக்கும் பணிக்கு அழைப்பு வந்துள்ளது. பைத்தானும் சி பிளஸ் பிளஸும் தெரியும். இயற்பியலைப் பள்ளியோடு விட்டுவிட்டேன். அது பெரிய குறையாகுமா? இவ்வேலையில் எனக்குப் புதிதாக இருக்கப்போவது எது?

பதில் 1:
அங்கே சாதனங்களை இயக்க எபிக்ஸ் அல்லது டாங்கோ என்னும் கட்டுப்பாட்டு மென்பொருள் இருக்க வாய்ப்பு அதிகம். எபிக்ஸ், 1980களின் இறுதியில் லாஸ் அலமோஸ், ஆர்கான் ஆய்வுக்கூடங்களின் கூட்டு முயற்சியில் தொடங்கியது. டாங்கோ, கிரெனோபிளில் உள்ள ஐரோப்பிய சின்க்ரோட்ரானில் பிறந்தது. இவற்றைச் சில மாதங்களில் கற்றுவிடலாம்.

பழக வேண்டியது வேறு. தரவுத்தளத்தில் 10 என்று எழுதினால் அது 10தான். ஆனால் மோட்டாரை 10 மி.மீ.க்குப் போகச் சொன்னால் அது 9.97இல் நின்றிருக்கலாம். அதனால்தான் கட்டளையிட்ட மதிப்பும், உண்மையான இடத்தை அளக்கும் குறியாக்கி திருப்பித் தரும் மதிப்பும் தனித்தனியே வைக்கப்படுகின்றன. மோட்டார் சுழற்றும் திருகின் தளர்வால் பிழை நேராதிருக்க, மோட்டாரை எப்போதும் ஒரே திசையிலிருந்து இலக்குக்குக் கொண்டுவருகிறோம். எபிக்ஸில் 'பிவி' என்னும் ஒவ்வொரு மாறியும் எண்ணோடு நேரமுத்திரையையும் எச்சரிக்கை நிலையையும் சுமந்துவருவது, எண்ணை மட்டும் அப்படியே நம்ப முடியாது என்பதற்காகவே. நான் பார்த்த ஓர் அமைப்பில், வெப்பமானியின் கம்பி கழன்ற பின்னும் திரையில் இரவு முழுவதும் 80 கெல்வின் என்றே காட்டிக்கொண்டிருந்தது. டிரைவரை (சாதனத்தோடு பேசும் நிரலை) எழுதியவர், பிழை வந்தால் பழைய மதிப்பையே திருப்பித் தருமாறு செய்திருந்தார். நிரல் நின்றுபோயிருந்தால்கூட அந்த இரவின் தரவு வீணாகியிருக்காது, ஏனெனில் யாராவது உடனே கவனித்திருப்பார்கள்.

பதில் 2:
மேலே சொன்னதோடு உடன்படுகிறேன், ஆனால் பாதுகாப்பைத் தனியே சொல்ல வேண்டும். ஆள் நுழையும் கதவு, கதிர்வீச்சுத் தடுப்பு போன்றவற்றின் இன்டர்லாக்கை (ஆபத்தான நிலையில் இயக்கத்தைத் தடுக்கும் பூட்டை) உங்கள் பைத்தான் நிரலிடம் விடக்கூடாது. அதற்கென்று தனி வன்பொருளோ, பாதுகாப்புக்கெனச் சான்றளிக்கப்பட்ட பிஎல்சியோ (இயந்திரங்களைக் கட்டுப்படுத்தவென்றே உருவாக்கப்பட்ட கணினி) இருக்கும். தெராக்-25 என்ற கதிர்வீச்சுச் சிகிச்சைக் கருவியில், முந்தைய மாதிரியில் இருந்த வன்பொருள் இன்டர்லாக்குகளை நீக்கி மென்பொருளையே நம்பியதால், 1985க்கும் 1987க்கும் இடையில் ஆறு விபத்துகள் நேர்ந்தன. வேகமும் ஒரு காரணம்: செர்ன் ஆய்வுக்கூடத்தின் துகள் முடுக்கியான பெரிய ஹாட்ரான் மோதுவியில் புரோட்டான் ஒரு சுற்று முடிக்க ஏறத்தாழ 89 மைக்ரோவினாடிதான் ஆகிறது. ஏதேனும் தவறினால் புரோட்டான் கற்றையை வெளியேற்றும் முடிவை அந்த அவகாசத்தில் சாதாரண இயங்குதளத்தில் ஓடும் ஒரு நிரலிடம் எதிர்பார்க்க முடியாது.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. சாதனம் கையில் இல்லாதபோது நிரலை எவ்வாறு சோதிக்கிறீர்கள்?

பதில் 3:
சாதனத்தைப்போல் பதிலளிக்கும் போலி நிரல் ஒன்றை எழுதிவைக்கிறோம். அது தாமதமாகவும், பாதியிலும், தவறாகவும் பதிலளிக்க வேண்டும். எப்போதும் ஒழுங்காகப் பதில் சொல்லும் போலியால் பயன் குறைவு. பராமரிப்பு நாளில் உண்மைச் சாதனத்தின் கம்பியைப் பிடுங்கிப் பார்ப்பதும் உண்டு (அனுமதி பெற்றுத்தான்).

இயற்பியலைப் பொறுத்தவரை, ஆய்வாளருடன் இரண்டு மூன்று பரிசோதனைகள் முழுவதும் உட்கார்ந்திருங்கள். எந்த எண் தவறினால் அவருடைய முடிவு கெடும் என்பது அங்கேதான் தெரியவரும். நேர்காணலில் இன்னொன்றையும் கேளுங்கள். வெளியிலிருந்து வரும் குழுக்களுக்குச் சில நாள்களே பீம் நேரம் (பீம்லைனைப் பயன்படுத்தும் நேரம்) கிடைக்கும் என்பதால் அவர்கள் இரவும் பகலும் இயங்குவார்கள். அதிகாலை மூன்று மணிக்கு மோட்டார் நகரவில்லை என்றால் அழைப்பு யாருக்கு வரும் என்பதைச் சேரும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள்.