நாட்குறிப்பைப் படித்த கையோடு நாவலையும் படிக்கலாமா?

மஞ்சக்குப்பம் வாசகி:

வணக்கம். ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பில் 1746 முதல் 1748 வரையிலான பகுதியைப் போன வாரம் முடித்தேன். அடுத்து, பிள்ளையும் அவர் காலத்துப் புதுச்சேரியும் வருகிற பிரபஞ்சனின் நாவல்கள் ‘மானுடம் வெல்லும்’, ‘வானம் வசப்படும்’ இரண்டையும் எடுக்க ஆசை. ஆனால் கை தயங்குகிறது. படித்தவர்கள் சொல்லுங்கள்: உடனே படிக்கலாமா, கொஞ்ச நாள் ஆறப்போடலாமா?

தயக்கத்துக்குக் காரணம் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் பிள்ளையைப் பற்றி எல்லோரும் ஒரு பத்தி படித்திருப்போம். புதுச்சேரியின் பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேக்ஸின் துபாஷி (மொழிபெயர்ப்பாளர்), 1736இல் எழுதத் தொடங்கினார், 1761இல் இறக்கும்வரை எழுதினார், சரித்திரத்துக்கு அரிய சான்று. எல்லாம் சரி. ஆனால் அந்தப் பத்தியை வைத்து இந்த மனிதரை யாரும் ஊகிக்கவே முடியாது. நான் புதுச்சேரியில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். தினமும் கடலூரிலிருந்து பஸ். முதலாளியின் அறைக்குள் போகும்போது அவர் முகம் எப்படி இருக்கிறது, நமக்கு முன்னால் போனவர் என்ன ஓதிவிட்டு வந்தார், கையெழுத்தை இன்றைக்குக் கேட்பதா நாளைக்குக் கேட்பதா, இதெல்லாம் எங்களுக்கு அன்றாடம். பிள்ளை 270 வருஷத்துக்கு முன்னால் இதைத்தான் பக்கம் பக்கமாக எழுதி வைத்திருக்கிறார். துரை என்ன கேட்டார், தான் என்ன சொன்னேன், அதற்கு அவர் என்ன சொன்னார் என்று ஒரு வார்த்தை விடாமல்.

பெரிய துபாஷியாக இருந்த கனகராய முதலியார் 1746இல் இறந்துபோகிறார். அந்த உத்தியோகம் யாருக்கு என்று ஊரே பேசுகிறது. பிள்ளைக்கு அது உடனே கிடைத்துவிடவில்லை. கிறிஸ்தவர்தான் அந்த இடத்துக்கு வர வேண்டும் என்று ஒரு பக்கம் நெருக்குகிறார்கள். துரையிடம் போய்ச் சொல்கிறவர்கள், துரையின் மனைவி துரைசானியிடம் போய்ச் சொல்கிறவர்கள், இவரிடமே வந்து நல்லவர் போலப் பேசுகிறவர்கள். பதவி உயர்வுக்குக் காத்திருந்த யாருக்கும் இந்தப் பக்கங்கள் வயிற்றைப் பிசையும். அதே 1746இல்தான் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடிக்கிறார்கள். அதுவும் விலாவாரியாக இருக்கிறது. ஆனால் என் மனசில் நிற்பது அந்தக் காத்திருப்புதான்.

அப்புறம் 1748 செப்டம்பர். ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டிருக்கிறார்கள். அந்த நேரத்தில், சம்பா கோவில் என்கிற மாதா கோயிலை ஒட்டியிருந்த வேதபுரீஸ்வரர் கோயிலைப் பிரெஞ்சுக்காரர்கள் இடிக்கிறார்கள். ஊர்ப் பெரியவர்கள் பிள்ளையிடம் வந்து முறையிடுகிறார்கள். துரையிடம் அத்தனை செல்வாக்கு உள்ளவர், ஒன்றும் செய்ய முடியவில்லை. அந்த ஆற்றாமை எழுத்தில் அப்படியே இருக்கிறது. துரைசானி மேல் உள்ள கசப்பை அவர் மறைக்கவே இல்லை. மதியச் சாப்பாட்டுக்கு நான் மிஷன் வீதியில் அந்த மாதா கோயிலைத் தாண்டித்தான் போகிறேன். இத்தனை வருஷம் நிமிர்ந்துகூடப் பார்த்ததில்லை. இப்போது ஒரு நிமிஷமாவது நிற்காமல் போக முடியவில்லை.

கடலூர்க்காரிக்கு இன்னொன்றும் உண்டு. சென்னை கையை விட்டுப் போனபின் ஆங்கிலேயருக்குத் தலைமையிடம் எங்கள் தேவனாம்பட்டினத்துக் கோட்டைதான். ஆக, இந்த நூலில் எங்கள் ஊர் எதிரியின் ஊர். அங்கிருந்து சேதி வந்தது என்று வரும்போதெல்லாம் எந்தப் பக்கம் சேர்வது என்று தெரியாமலே படித்தேன்.

இப்படி ஒருவரின் குரல் காதுக்குள் உட்கார்ந்துவிட்ட பிறகு, அதே ஆளை இன்னொருவர் நாவலில் பேசவைத்தால் ஒட்டுமா? இதுதான் கேள்வி. கூடவே, நம் கடலூர், புதுச்சேரி வட்டாரத்தில் நடக்கும் நூல் எதையாவது அண்மையில் படித்திருந்தால் அதையும் எழுதுங்கள். நாவலோ நினைவுக் குறிப்போ எதுவானாலும் சரி. ‘அருமையான நூல்’ என்று நிறுத்திவிடாமல் எது பிடித்தது என்று சொல்லுங்கள்.

முத்தியால்பேட்டை வாத்தியார்:

அம்மா, ஆறப்போடாதீர்கள். ‘மானுடம் வெல்லும்’ நாவலை உடனே எடுத்துவிடுங்கள்.

பிரபஞ்சன் இந்த ஊர்க்காரர். பிள்ளையின் குரலோடு அவர் போட்டி போடவில்லை. பிள்ளை பார்க்காத, பார்த்தும் ஓரமாக ஒதுக்கிவிட்ட ஆட்களிடம் போகிறார். நாட்குறிப்பை மறுபடி புரட்டிப் பாருங்கள். பல்லக்கு, வெற்றிலை பாக்கு, பன்னீர், எத்தனை பீரங்கி போட்டார்கள், கப்பலில் என்ன சரக்கு வந்தது, யாருக்கு என்ன வெகுமதி. பெரும்பாலும் பெரிய மனிதர்கள் வீட்டு நடை. தாசிகளும் கூலிக்காரர்களும் அடிமையாகக் கப்பலேற்றப்பட்டவர்களும் அவர் எழுத்தில் அங்கங்கே தலைகாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். பிரபஞ்சன் அவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசவிடுகிறார். நாட்குறிப்பு மனசில் பசுமையாக இருக்கும்போது படித்தால்தான், எந்த இடத்தில் பிள்ளை விட்டார், எந்த இடத்தில் இவர் தொட்டார் என்பது உங்களுக்குப் பிடிபடும்.

சாகித்திய அகாதெமி விருது 1995இல் கிடைத்தது ‘வானம் வசப்படும்’ நாவலுக்கு. எனக்கு முதல் நாவல்தான் ஒரு படி மேல். இரண்டாவதில் துய்ப்ளேக்ஸ் தம்பதி நிறைய இடத்தை எடுத்துக்கொள்கிறார்கள். நீங்கள் இப்போதுதான் படித்து முடித்த சம்பவங்கள் பல திரும்ப வரும். உங்கள் தயக்கம் அதற்குப் பொருந்தும், அதை வேண்டுமானால் அடுத்த வருஷம் படியுங்கள்.

ஒரு சின்ன மறுப்பு. பிள்ளையை வெறும் உத்தியோகஸ்தராகப் பார்க்க முடியாது. சொந்தமாக வியாபாரம் செய்தவர். துரை நாளைக்கே போகச் சொன்னாலும் வீட்டில் அடுப்பு எரியும். அவர் பயந்தது சம்பளத்துக்காக இல்லை, சபையில் கிடைக்கும் மரியாதைக்காக.

இரவுப்பணி:

அக்கா, நான் புதுச்சேரியில் செவிலியாக இருக்கிறேன். நான் சொல்ல வந்தது இமையத்தின் ‘செல்லாத பணம்’. 2020க்கான சாகித்திய அகாதெமி விருது வாங்கிய நாவல். இன்ஜினியரிங் படித்த ரேவதி, வீட்டை எதிர்த்து ஆட்டோ ஓட்டும் ரவியைக் கட்டிக்கொள்கிறாள். பிறகு தீக்காயத்தோடு ஜிப்மரில் கிடக்கிறாள். நாவலில் பெரும்பகுதி வார்டுக்கு வெளியே காத்திருப்பவர்களின் பேச்சுதான்.

சொன்னதையே சொல்கிறார்கள், குறைத்திருக்கலாம் என்று கூட வேலை பார்க்கும் தோழி சொன்னாள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அந்த வாசலில் நிற்பவர்கள் அப்படித்தான் பேசுவார்கள். ‘நேத்து கண்ணத் தொறந்து பாத்தா’ என்பதை ஒரே அம்மா காலையில் வருகிறவரிடம் சொல்வார், மதியம் வருகிறவரிடம் சொல்வார், டீ வாங்கப் போகும் வழியில் எதிரே வருகிற முன்பின் தெரியாத ஆளிடமும் சொல்வார். எங்களைப் பார்த்தால் கேட்பது ‘எத்தனை பர்சென்ட்ங்க?’. உடம்பில் எவ்வளவு வெந்தது என்ற கணக்கு அது. முதல் நாள் அந்த எண்ணுக்கு என்ன அர்த்தம் என்று அவர்களுக்குத் தெரியாது. பக்கத்தில் காத்திருக்கும் வேறு குடும்பம் சொல்லிவிடும். அப்புறம் கேட்பதை நிறுத்திவிடுவார்கள். டிரஸ்ஸிங் முடிந்து நாங்கள் வெளியே வந்தால் முகத்தை மட்டும் பார்ப்பார்கள். இமையம் இதை எங்கிருந்து கேட்டு எழுதினாரோ, பேச்சில் ஒரு இடம்கூடப் பொய்யாகப் படவில்லை.

குறை ஒன்று உண்டு. ரேவதியின் மனசுக்குள் இன்னும் கொஞ்சம் போயிருக்கலாம். அப்பா, அம்மா, அண்ணன் எல்லோரையும் முழுசாகத் தெரிந்துகொண்டேன். அவளைத் தெரிந்துகொள்ளவில்லை.

தெரிந்த ஊர் என்பதால் படிக்க எளிதாக இருக்கும் என்று நினைக்காதீர்கள் அக்கா. ஜிப்மர் இருக்கும் கோரிமேட்டில் பஸ்ஸிலிருந்து பையும் பிளாஸ்க்குமாக இறங்குகிறவர்களைப் பார்த்தால், இவர்கள் எந்த வார்டுக்குப் போகிறார்களோ என்று மனசு போகிறது. வேலை பார்க்கிற எனக்கே இப்படி.

பண்ருட்டித் தோப்பு:

யதுகிரி அம்மாளின் ‘பாரதி நினைவுகள்’. சின்ன நூல், ஒரே மூச்சில் முடித்தேன். பாரதியின் நண்பர் மண்டயம் ஸ்ரீனிவாசாச்சாரியாரின் மகள். பாரதி 1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் இருந்தபோது இவர் அந்த வீட்டுக்கு வந்துபோன சிறுமி. ஒரு குழந்தைக்கு அவர் மகாகவி இல்லை, பாடுகிற, கோபப்படுகிற, பக்கத்து வீட்டு மாமா மாதிரி ஒருவர். அதனால்தான் எனக்குப் பெரியவர்கள் எழுதிய பாரதி வரலாறுகளைவிட இது பிடித்தது.

அதோடு சேர்த்து பாரதியின் இரண்டு பாட்டைப் படியுங்கள். 1916இல் புதுச்சேரியில் அடித்த புயலைப் பற்றியவை. ‘புயற்காற்று’ என்ற பாட்டில் நள வருஷம் கார்த்திகை 8, புதன் இரவு என்று தேதியே போட்டிருக்கிறார். இன்னொன்று ‘பிழைத்த தென்னந்தோப்பு’. 2011 டிசம்பர் 30 தானே புயலில் எங்கள் முந்திரியும் பலாவும் வேரோடு போயின. விடிந்ததும் அப்பா தோப்புக்குப் போனார். விழுந்த மரங்களைப் பார்க்கவே இல்லை. நிற்கிற மரங்களை ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டு எண்ணிக்கொண்டு போனார். புயலுக்கு அப்புறம் பாரதி ஏன் தப்பித்த தோப்பைப் போய்ப் பாடினார் என்று யாரும் எனக்கு விளக்க வேண்டியதில்லை.

வாசகி அக்காவுக்கு ஒரு சேதி. பிள்ளை நாட்குறிப்பு தொடங்கிய 1736 செப்டம்பரும் நள வருஷம்தான். அறுபது வருஷச் சுற்று மூன்று முறை வந்து 1916இல் அதே வருஷப் பெயரில், அதே ஊரில் பாரதி தேதி போடுகிறார். உங்கள் ஊருக்கும் பங்கு உண்டு: 1918 நவம்பரில் புதுச்சேரியை விட்டுக் கிளம்பியவரைக் கைது செய்து வைத்தது கடலூர்ச் சிறையில்தான்.

மஞ்சக்குப்பம் வாசகி:

எல்லோருக்கும் நன்றி. வாத்தியார் ஐயா, ‘மானுடம் வெல்லும்’ உடனே, மற்றது பிறகு. அப்படியே செய்கிறேன். ரோமன் ரோலன் நூலகத்தில் தேடிப் பார்க்கிறேன், கிடைக்காவிட்டால் வாங்கிவிடுவேன். ஆனால் உங்கள் மறுப்பை மட்டும் ஏற்க மாட்டேன். மரியாதைக்குப் பயப்படுவதுதான் உத்தியோகஸ்தர் பயமே. சம்பளம் தள்ளிப்போனபோது பொறுத்துக்கொண்டவர், நாற்காலியை வேறு மூலைக்கு மாற்றியதற்கு அழுததை எங்கள் ஆபீசில் பார்த்திருக்கிறேன். பிள்ளைக்குச் சோற்றுக்குப் பஞ்சமில்லை என்பதால்தான் அந்தப் பயம் அவரிடம் இன்னும் பளிச்சென்று தெரிகிறது.

தங்கச்சி, ‘செல்லாத பணம்’ ரொம்ப நாளாக அலமாரியில் இருக்கிறது. எங்கள் வீட்டில் ஒரு தீக்காயம் நடந்திருக்கிறது. பர்சென்ட் கேட்டவர்களில் நானும் ஒருத்தி. நீங்கள் எழுதியது ஒவ்வொரு வரியும் உண்மை. இந்த வருஷம் அதைத் தொட முடியாது, ஆனால் கட்டாயம் படிப்பேன்.

தம்பி, நள வருஷக் கணக்கைப் பார்த்ததும் முதல் தொகுதியை எடுத்து இன்னொரு முறை முதல் பக்கத்திலிருந்து தொடங்கிவிட்டேன். யதுகிரி அம்மாள் நூலை இரவல் தருவீர்களா? ஞாயிற்றுக்கிழமை பண்ருட்டிக்கு ஒரு கல்யாணத்துக்கு வருகிறேன்.

பண்ருட்டித் தோப்பு:

தருகிறேன் அக்கா. பஸ் ஸ்டாண்டுக்கே கொண்டுவருகிறேன். வரும்போது நாட்குறிப்பின் முதல் தொகுதியை எனக்குக் கொண்டுவாருங்கள், நீங்கள் முடித்திருந்தால்.