டிக்கியில் ‘ஈ 220 டி’, ஆர்.சி.யில் 1950 சி.சி.: இந்த பென்ஸை வாங்கலாமா?

கொங்குக்காற்று:

எல்லோருக்கும் வணக்கம். அவசரமாக ஒரு சந்தேகம். செகண்ட் ஹேண்டில் ஒரு மெர்சிடிஸ் ஈ-கிளாஸ் பார்த்திருக்கிறேன். 2018 மாடல், டீசல், ஒரே ஓனர். டிக்கியில் ‘ஈ 220 டி’ என்று இருக்கிறது. 220 என்றால் 2.2 லிட்டர் இன்ஜின் என்று புரோக்கர் அடித்துச் சொல்கிறார். ஆனால் ஆர்.சி.யில் 1950 சி.சி. என்று போட்டிருக்கிறது. கேட்டால், “டைப் அடிக்கும்போது தப்பாகியிருக்கும் சார்” என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை. இன்ஜினை மாற்றிவிட்டார்களோ?

இன்னொன்று. டிக்கியின் மறுபக்கத்தில் ஏ.எம்.ஜி. என்று, மெர்சிடிஸின் அதிவேக வண்டிப் பிரிவின் பெயரில், ஒரு பேட்ஜ் இருக்கிறது. “இது ஏ.எம்.ஜி. வண்டி, அதனால்தான் விலை கூடுதல்” என்கிறார். இன்றைக்கே டோக்கன் அட்வான்ஸ் கேட்கிறார். விவரம் தெரிந்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள்.

பட்டறைவாசி:

தம்பி, டோக்கனை இப்போதைக்குக் கொடுக்க வேண்டாம். ஆனால் ஆர்.சி.யைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், அது சரியாகத்தான் இருக்கிறது. தவறாகச் சொல்வது புரோக்கர்.

2016இல் வந்த ஈ-கிளாஸ் தலைமுறைக்குக் கம்பெனிக்குள் டபிள்யூ 213 என்று பெயர். இந்தியாவில் விற்றது அதன் நீளமான உருவம், வி 213. அதில் 220 டி என்றால் ஓ.எம். 654 என்ற டீசல் இன்ஜின். கொள்ளளவு 1950 சி.சி. அதற்கு முந்தைய தலைமுறையில்தான் 2143 சி.சி.யில் ஓ.எம். 651 இன்ஜின் இருந்தது. புரோக்கர் மனதில் இருப்பது அந்தப் பழைய வண்டி.

இன்ஜின் மாற்றப்பட்டதா என்று பார்க்க எளிய வழி ஒன்று இருக்கிறது. ஆர்.சி.யில் இன்ஜின் நம்பரைப் பாருங்கள். மெர்சிடிஸில் அந்த நம்பரின் முதல் மூன்று இலக்கங்களே இன்ஜின் குடும்பத்தைச் சொல்லிவிடும். 654 என்று தொடங்கினால் நல்லது. 651 என்று தொடங்கினால் வண்டியைத் தொடாதீர்கள். அப்புறம் சேஸிஸ் நம்பரை எடுத்துக்கொண்டு அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டருக்குப் போனால், தொழிற்சாலையிலிருந்து அந்த வண்டி என்னென்ன சாமான்களோடு வெளியே வந்தது என்ற பட்டியலைப் பார்க்கலாம். இன்ஜின் நம்பரையும் அதோடு ஒத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏ.எம்.ஜி. விஷயம்: ஈ 220 டி-யில் ஏ.எம்.ஜி. இன்ஜின் கிடையாது. அந்தத் தலைமுறையில் உண்மையான ஏ.எம்.ஜி. என்றால் ஈ 53, ஈ 63 மாதிரிப் பெயர்கள்தான், எல்லாம் பெட்ரோல். ஏ.எம்.ஜி. லைன் என்று ஓர் அலங்காரப் பொதி உண்டு. பம்பரும் வீலும் மாறும், இன்ஜின் அதேதான். அந்தப் பொதியாவது தொழிற்சாலையில் போட்டதா, கடையில் பேட்ஜ் வாங்கி ஒட்டியதா என்பதையும் அந்தப் பட்டியலே காட்டிவிடும். ஒட்டுவதற்கு ஸ்டிக்கர் விலைதான் ஆகும்.

கொங்குக்காற்று:

மிக்க நன்றி அண்ணா. இப்போதுதான் பார்த்தேன், இன்ஜின் நம்பர் 654 என்றே தொடங்குகிறது. உயிர் வந்தது. ஆனாலும் ஒன்று புரியவில்லை. 1950 சி.சி. வண்டிக்கு 195 என்றோ 200 என்றோ பெயர் வைத்திருக்கலாமே? 220 எங்கிருந்து வந்தது? வாங்குபவனை ஏமாற்றுகிற மாதிரி இருக்கிறதே.

நெடுஞ்சாலைப்பித்தன்:

இந்தக் கேள்விக்கு நிதானமாகப் பதில் சொல்ல ஆசை. எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது.

ஒரு காலத்தில் அந்த எண் நேர்மையான அளவுதான். 1954இல் வந்த 300 எஸ்.எல். என்றால் 3.0 லிட்டர். 220 என்றால் 2.2 லிட்டர். எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்து குணத்தைச் சொல்லும். டி என்றால் டீசல். ஈ என்பது ஜெர்மன் மொழியில் எரிபொருளை ஊசிபோல் பீய்ச்சும் முறையைக் குறிக்கும் சொல்லின் முதல் எழுத்து, அதாவது கார்புரேட்டர் இல்லாத வண்டி. எஸ்.ஈ.எல். மாதிரிப் பெயர்களில் கடைசியில் வரும் எல் என்றால் நீள உடல். இதைத் தெரிந்துகொண்டால் சாலையில் போகிற பென்ஸின் பின்பக்கத்தைப் பார்த்தே பாதி விவரத்தைச் சொல்லிவிடலாம்.

சிக்கல் இரண்டு பக்கமிருந்து வந்தது. முதலாவது, ஒரே உடலுக்குள் பெரிய இன்ஜினைத் திணித்தது. 1968இல் 300 எஸ்.ஈ.எல். வண்டியில் 6.3 லிட்டர் வி8 (எட்டு சிலிண்டர்) இன்ஜினை வைத்தார்கள். பெயர் என்ன? 300 எஸ்.ஈ.எல். 6.3. அதாவது 300 என்பது அங்கே அளவு அல்ல, வண்டியின் வகை. உண்மையான அளவைத் தனியாகக் கடைசியில் சேர்க்க வேண்டியதாயிற்று.

இரண்டாவது, அந்தஸ்து. 1982இல் சிறிய பென்ஸ் ஒன்று வந்தது. இன்ஜின் 1997 சி.சி. கணக்குப்படி அதன் பெயர் 200. ஆனால் அப்போது விற்பனையில் இருந்த பெரிய வண்டிக்கு ஏற்கெனவே 200 என்று பெயர். சின்னதும் பெரியதும் ஒரே எண்ணில் நிற்கக் கூடாது என்று சின்னதற்கு 190 என்று வைத்துவிட்டார்கள். பிறகு அதிலேயே பெரிய இன்ஜின் போட்டபோது 190 ஈ 2.3 என்று மறுபடியும் இரண்டு எண். எண் என்பது அளவாக இருப்பதை விட்டு வரிசையில் ஓர் இடமாக மாறியது இங்கேதான் என்பது என் எண்ணம்.

1993இல் எழுத்தைத் தூக்கி முன்னால் வைத்தார்கள். அதுவரை 220 ஈ என்று விற்ற வண்டி, அந்த வருடம் முகத்தைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டு ஈ 220 ஆனது. அதுவரை இன்ஜினைக் குறித்த எழுத்து அன்றிலிருந்து வண்டியின் குடும்பப் பெயர். சி-கிளாஸும் அதே வருடம்தான் வந்தது.

இப்போது உங்கள் வண்டிக்கு வருகிறேன். அந்த 1950 சி.சி. இன்ஜினை மெர்சிடிஸ் மூன்று பெயரில் விற்றது. 150 குதிரைத்திறனுக்கு டியூன் செய்தால் ஈ 200 டி. 194 என்றால் ஈ 220 டி. 245 என்றால் ஈ 300 டி. மூன்றிலும் ஆர்.சி.யில் 1950தான் வரும். பழைய 2143 சி.சி. இன்ஜின் ஈ 220-இல் 170 குதிரைத்திறன் கொடுத்தது. புதியது சிறியது, ஆனால் பலம் கூடியது. அதற்கு 195 என்று பெயர் வைத்தால் பழைய வண்டியைக் கொடுத்துவிட்டு இதை வாங்க வருபவர் என்ன நினைப்பார்? ஒரு படி இறங்கிவிட்டோம் என்றுதானே? அதனால் எண்ணை அப்படியே வைத்துக்கொண்டு உள்ளே இருப்பதை மாற்றினார்கள்.

இன்ஜின்கள் சுருங்கியதற்குக் காரணம் சட்டம். ஐரோப்பிய ஒன்றியம் ஒரு கம்பெனி விற்கும் எல்லா கார்களின் சராசரி கார்பன் டை ஆக்சைடு அளவுக்கு வரம்பு வைத்தது. 2015க்கு கிலோமீட்டருக்கு 130 கிராம், பிறகு 95 கிராம். சீனாவில் இன்ஜின் கொள்ளளவு ஏற ஏற வரி படிப்படியாக ஏறும். பெரிய இன்ஜின் கட்டுப்படியாகவில்லை, சிறிய இன்ஜினுக்குள் காற்றை அழுத்திச் செலுத்தி பலம் கூட்டும் டர்போ வந்தது.

இந்த வழக்கத்தின் உச்சம் சி-கிளாஸின் ஏ.எம்.ஜி. வண்டியான சி 63. 63 என்பது அந்தப் பழைய 6.3 லிட்டருக்குச் செய்யும் மரியாதை. முதலில் அந்தப் பெயரில் வந்த வண்டிக்கு 6208 சி.சி. வி8. அடுத்த தலைமுறையில் 3982 சி.சி. இப்போதைய தலைமுறையில் 1991 சி.சி., நான்கே சிலிண்டர், கூட ஒரு மின் மோட்டார். மொத்தம் 680 குதிரைத்திறன் என்பதை மறுக்கவில்லை. ஆனால் ரசிகர்கள் வருத்தப்பட்டதில் நியாயம் இருக்கிறது. அந்த எண்ணோடு சேர்ந்து ஒரு சத்தம் இருந்தது.

நீலவெள்ளை:

பி.எம்.டபிள்யூ.விலும் இதே கதைதான். என்னிடம் இருப்பது 330ஐ, ஆர்.சி.யில் 1998 சி.சி. முதல் எண் வரிசை, அடுத்த இரண்டு எண்கள் கொள்ளளவு என்று 1972இல் 5 சீரிஸோடு தொடங்கிய முறை அது. 520 என்றால் 5 சீரிஸ், 2.0 லிட்டர். 2012 வாக்கில் வந்த 3 சீரிஸில் 320ஐ, 328ஐ இரண்டுமே 1997 சி.சி. ஒன்று 184 குதிரைத்திறன், மற்றது 245.

ஆனால் இது புதுப் பழக்கம் இல்லை. 1980 வாக்கில் வந்த 745ஐ-யில் இருந்தது 3.2 லிட்டர் டர்போ. டர்போவுக்கு 1.4 மடங்கு என்ற பந்தயக் கணக்கில் பெருக்கினால் சுமார் 4.5 வரும், அதனால் 45. கீழே இறக்கியும் பெயர் வைத்திருக்கிறார்கள். 325ஈ-யில் இருந்தது 2693 சி.சி. இன்ஜின். எரிபொருள் மிச்சம் பிடிக்க வேகத்தைக் குறைத்து டியூன் செய்ததால் எண்ணையும் குறைத்தார்கள்.

இன்னொன்று கவனியுங்கள். பெட்ரோல் வண்டிகளில் கடைசியில் வரும் ‘ஐ’-யை 2024 முதல் புதிய மாடல்களில் எடுத்துவிட்டார்கள். ஐ4, ஐ5, ஐ7 என்று முன்னால் வரும் ஐ மின்சார வண்டிகளுக்கு. இனி செகண்ட் ஹேண்ட் விளம்பரங்களில் அந்த ஓர் எழுத்தைப் பார்த்துக் குழம்புகிறவர்கள் கூடுவார்கள்.

மழைமேகம்:

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். ஆடி ஏ4-இல் ‘40 டி.எஃப்.எஸ்.ஐ.’ என்று இருக்கிறது. 4 லிட்டரா? நிச்சயம் இருக்காது என்று தெரிகிறது, ஆனால் 40 என்ன?

நீலவெள்ளை:

அது கொள்ளளவே இல்லை அக்கா. 2017இல் ஆடி கொண்டுவந்த முறை. இன்ஜினின் திறனைக் கிலோவாட்டில் எடுத்து, இன்னதிலிருந்து இன்னதுவரை என்று அடுக்கி ஒவ்வோர் அடுக்குக்கும் ஓர் எண். 30 என்றால் 81 முதல் 96 கிலோவாட். 50 என்றால் 210 முதல் 230. உங்களுடையது 2.0 லிட்டர்தான். பெட்ரோல், டீசல், மின்சாரம் மூன்றையும் ஒரே அளவுகோலில் வைக்க வேண்டும் என்ற யோசனை நல்லதுதான். ஆனால் ஷோரூமில் யாருக்கும் அட்டவணை இல்லாமல் புரியாத எண்ணால் என்ன பயன்?

அதற்கு மேல் இன்னொரு குழப்பமும் செய்தார்கள். இரட்டைப்படை எண் மின்சார வண்டிக்கு, ஒற்றைப்படை எண் பெட்ரோல், டீசலுக்கு என்று அறிவித்து, ஏ4-இன் வாரிசை ஏ5 என்று விற்றார்கள். 2025 பிப்ரவரியில் அந்தத் திட்டத்தைக் கைவிட்டு, ஏ6 பழையபடி ஏ6தான் என்றார்கள். ஏ5 ஆனது ஏ5 ஆகவே நின்றுவிட்டது.

பட்டறைவாசி:

சாமான் வாங்கும் இடத்தில் இந்தப் பெயர் மாற்றம் எவ்வளவு பாடாய்ப் படுத்துகிறது தெரியுமா? 2015இல் மெர்சிடிஸ் எம்.எல். வண்டியை ஜி.எல்.ஈ. என்று மாற்றியது. உள்ளே டபிள்யூ 166 என்ற அதே வண்டி. முன் விளக்கும் பம்பரும் வேறு, அடியில் பெரும்பாலும் அதேதான். எம்.எல். வைத்திருப்பவர் ஜி.எல்.ஈ. சாமான் பொருந்தாது என்று திருப்பி அனுப்பிவிடுகிறார். அதனால் கடையில் பெயரைச் சொல்லாதீர்கள், சேஸிஸ் நம்பரைச் சொல்லுங்கள்.

அந்த எம்.எல். பெயருக்கும் ஒரு கதை உண்டு. எம்-கிளாஸ் என்று வைத்துவிட்டு வண்டியில் எம் என்று மட்டும் போட முடியவில்லை. எம் என்ற எழுத்து பி.எம்.டபிள்யூ.வின் அடையாளம், அவர்கள் ஒப்பவில்லை.

நெடுஞ்சாலைப்பித்தன்:

எழுத்துக்கும் எண்ணுக்கும் சண்டை நிறைய நடந்திருக்கிறது. போர்ஷே 1963இல் பிராங்க்ஃபர்ட் கண்காட்சியில் 901 என்று ஒரு காரைக் காட்டியது. நடுவில் சுழியம் வரும் மூன்று இலக்க எண்கள் பிரான்சில் எங்களுக்கே உரியவை என்று பெஜோ சொன்னது. 1964இல் அது 911 ஆனது. வோல்வோ எஸ்4 என்று வைக்கப் பார்த்தது, ஆடியிடம் அந்தப் பெயர் இருந்ததால் எஸ்40 ஆயிற்று.

மழைமேகம்:

எனக்கு ஒன்று கேட்கத் தோன்றுகிறது. இவ்வளவு தொல்லைக்கு அழகாக ஒரு பெயரே வைத்துவிடலாமே?

நெடுஞ்சாலைப்பித்தன்:

வைத்திருந்தார்கள். ஹோண்டாவின் ஆடம்பரப் பிரிவான அக்யூரா அமெரிக்காவில் லெஜண்ட் என்று ஒரு கார் விற்றது. பெயர் பிரமாதமாகப் பிடித்துக்கொண்டது. வாங்கியவர்கள் லெஜண்ட் வைத்திருக்கிறேன் என்றார்களே தவிர, அக்யூரா வைத்திருக்கிறேன் என்று சொல்லவில்லை. கம்பெனிப் பெயர் மறைந்துபோகிறது என்று 1990களின் நடுவில் அதை ஆர்.எல். ஆக்கினார்கள். எழுத்து மட்டும் இருந்தால் யாராயினும் கம்பெனிப் பெயரைச் சேர்த்துத்தானே சொல்ல வேண்டும்? ஜெர்மன் கம்பெனிகளைப் பார்த்து மற்றவர்கள் எழுத்துக்கு மாறியதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆனால் எல்லோருக்கும் அது ஒத்துவரவில்லை. லிங்கன் கம்பெனி எம்.கே.எக்ஸ்., எம்.கே.எஸ்., எம்.கே.டி., எம்.கே.இசட். என்று வரிசையாக வைத்து, எது எது என்று தெரியாமல் போய், கடைசியில் நாட்டிலஸ், ஏவியேட்டர், கோர்சேர் என்று பெயர்களுக்கே திரும்பியது. அக்யூராவும் இன்டெக்ரா பெயரை 2022இல் மீட்டது. மெர்சிடிஸ், பி.எம்.டபிள்யூ. மாதிரி ஐம்பது வருடம் ஒரே ஏணியை வைத்திருந்தால் எழுத்து நிற்கும். அடிக்கடி மாற்றினால் நிற்காது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

கொங்குக்காற்று:

எல்லோருக்கும் நன்றி. சர்வீஸ் சென்டரில் பட்டியல் பார்த்துவிட்டேன். இன்ஜின் நம்பர் ஒத்துப்போகிறது, அதே இன்ஜின்தான். ஏ.எம்.ஜி. லைன் பட்டியலிலேயே இல்லை, பேட்ஜ் பின்னால் ஒட்டியது. புரோக்கரிடம் சொன்னேன். கூடுதல் தொகையைக் குறைத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். வேறு எதையாவது பார்க்க வேண்டுமா?

பட்டறைவாசி:

இன்சூரன்ஸ் பேப்பரில் கொள்ளளவு என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள் தம்பி. 2200 என்று இருந்தால் 1950 ஆக்கிக்கொள்ளச் சொல்லுங்கள். 1500 சி.சி.க்கு மேல் தேர்ட் பார்ட்டி பிரீமியம் ஒரே தொகைதான், பணம் மிச்சமாகாது. ஆனால் நாளைக்கு கிளெய்ம் போடும்போது ஆர்.சி.க்கும் பாலிசிக்கும் வித்தியாசம் இருந்தால் அலைய விடுவார்கள். பெயர் மாற்றுவதற்கு முன்னாலேயே அதை முடித்துவிடுங்கள்.