மறு: ஸ்நாக் லிஸ்ட்டுக்குத் தமிழ்ச் சொல் – குறையேடு

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

வணக்கம். இந்த இழையில் தாமதமாகத்தான் வந்து சேர்கிறேன். கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஓர் அடுக்குமாடி வேலையில் சைட் இன்ஜினியராக இருக்கிறேன். வீடுகளை ஒப்படைக்கும் நேரம் நெருங்கிவிட்டது. பகல் முழுக்கக் கையில் டேப்லெட், பையில் ரசமட்டம், டார்ச். வீட்டை ஒப்படைக்குமுன் செய்யாமல் விட்டதையும் சரியில்லாததையும் குறித்துவைக்கிற பட்டியல்தான் ஸ்நாக் லிஸ்ட். அதற்கு நீங்கள் தேடுகிற சொல் எனக்கு ஒரு நாளைக்கு ஐம்பது முறையாவது வாயில் வருகிற சொல். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் வேலை எப்படி நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். செயலியில் அந்த மாடியின் பிளானைத் திறந்து, குறை இருக்கிற இடத்தில் ஒரு புள்ளி வைப்போம். படம் எடுத்து, அது யார் வேலை, எந்தத் தேதிக்குள் முடிய வேண்டும் என்று பதிவோம். பெயிண்டருக்கோ பிளம்பருக்கோ போனில் தகவல் போய்விடும். அவர் சரிசெய்து ஒரு படம் அனுப்புவார். நான் நேரில் போய்ப் பார்த்து முடித்துவைப்பேன்.

முன்பெல்லாம் சுவரில் சாக்பீஸால் வட்டம் போடுவோம், நோட்டில் எழுதுவோம். அடுத்த கோட் பெயிண்ட் அடித்ததும் வட்டம் போய்விடும். அப்புறம் வாட்ஸ்அப் வந்தது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தபோது பெய்த மழையில், நான் அப்போதிருந்த சைட்டில் சுவர்களில் ஓதம் ஏறிவிட்டது. மூன்று குழுக்களில் படங்கள் வந்து குவிந்தன. எல்லாம் ஈரச் சுவர். எந்த வீடு, எந்த அறை என்று ஒன்றிலும் இல்லை. மாடி மாடியாக ஏறி, படத்தையும் சுவரையும் ஒப்பிட்டே நான்கு நாள் போனது. இப்போது புள்ளி இருக்கிறது, தேதி இருக்கிறது. சொல்தான் இல்லை.

சொல் சரியில்லாவிட்டால் என்ன ஆகும் என்பதைப் போன மாதம் பார்த்தேன். எங்கள் செயலியில் தமிழ் என்று தட்டினால், எந்திரம் பெயர்த்த தமிழ் வருகிறது. குறை இன்னும் தீரவில்லை என்று காட்டுகிற ஓப்பனுக்கு 'திற', தீர்ந்துவிட்டது என்று காட்டுகிற குளோஸ்டுக்கு 'மூடப்பட்டது'. குளியலறைத் தரையில் தண்ணீர் வடிகிற வாட்டம் சரியில்லை என்று, 'தரைத் துவாரம்' என்ற தலைப்பில் ஒரு புள்ளி வைத்திருந்தேன். டைல்ஸ் மேஸ்திரி இரண்டு வரிசையைப் பெயர்த்து, வாட்டம் சரிசெய்து, திரும்ப ஒட்டிவிட்டார். தண்ணீர் கட்டிப் பார்த்தேன், அருமையாக வடிந்தது. குளோஸ் செய்தேன். அவர் போனில் 'தரைத் துவாரம் – மூடப்பட்டது' என்று போயிருக்கிறது. துவாரத்தை யாரோ சிமென்ட் போட்டு மூடிவிட்டார்கள் என்று நினைத்து, மறுநாள் காலையில் ஆளைக் கூட்டிக்கொண்டு நெல்லிக்குப்பத்திலிருந்து வந்து நின்றார். தமிழ்ப் பத்திரிகையை வரி விடாமல் படிக்கிற மனிதர். தப்பு அவருடையது இல்லை. அரை நாள் கூலி அவருக்குப் போய்விட்டது.

இனி உங்கள் பரிந்துரைகளுக்கு வருகிறேன்.

> மென்பொருளில் 'வழு' நிலைத்துவிட்டது. கட்டடத்துக்கும் அதையே வைத்தால் என்ன?

வழு நல்ல சொல்தான். ஆனால் இங்கே கட்டடமும் செயலியும் ஒரே போனுக்குள் இருக்கின்றன. "சார், மூன்றாவது மாடியில் வழு" என்று ஒருவர் கூப்பிட்டால், சுவரைப் பார்ப்பதா, செயலி நின்றுவிட்டதா என்று பார்ப்பதா? வழுவை மென்பொருளுக்கே விட்டுவிடலாம்.

> 'எஞ்சுபணிப் பட்டியல்' பொருத்தமாக இருக்கும்.

சுவிட்சுக்கு மூடி போடவில்லை என்றால் அது எஞ்சுபணி. கதவு உரசுகிறது என்றால்? தச்சரைப் பொறுத்தவரை அந்த வேலை முடிந்தது. செய்யாமல் விட்டது, செய்தும் சரியில்லாதது இரண்டும் ஒரே பட்டியலில் வருவதுதான் இங்கே சிக்கல்.

> 'நெருடல்' என்று சொன்னால் என்ன?

புதுச்சேரி ஐயா தந்த இந்தச் சொல்லில் நான் இரண்டு நாள் மயங்கிக் கிடந்தேன். பட்டி பார்த்த சுவரில் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து, உள்ளங்கையால் தடவிப் பார்ப்போம். கண்ணுக்குப் படாத மேடு கையில் நெருடும். ஸ்நாக் என்ற ஆங்கிலச் சொல்லின் பழைய பொருளும் மரத்தில் நீட்டிக்கொண்டிருக்கிற கிளைக் கட்டைதான். அவ்வளவு நெருக்கமான சொல். ஆனாலும் கூரை ஒழுகுவதை நெருடல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பூச்சு வேலை பார்க்கும்போது மட்டும் அதை வைத்துக்கொள்ளலாம்.

என் ஓட்டு 'குறை'க்கு. பாதியில் நிற்கும் வீட்டைப் பார்த்து "குறை வேலையா நிக்குது" என்கிறோம். முடிந்த வீட்டைப் பார்த்து "ஒரு குறையும் இல்லை" என்கிறோம். செய்யாததும் சரியில்லாததும் இந்த ஒரு சொல்லுக்குள் ஏற்கெனவே இருக்கின்றன. சைட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

பழுது வேறு. ஒரு தூணை எடுத்துக்கொள்ளுங்கள். கடற்காற்று படுகிற கான்கிரீட்டில் கம்பிக்கு வெளியே 45 மி.மீ. கவர், அதாவது கம்பியை மூடி நிற்கிற கான்கிரீட், இருக்க வேண்டும் என்கிறது கான்கிரீட்டுக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 456: 2000. அந்த இடைவெளிக்காக வைக்கிற கவர் பிளாக் என்ற சின்னக் கட்டையை வைக்காமல் 25 மி.மீ.தான் நின்றது என்றால், அன்றைக்கு அது குறை. தூண் வெளியே பளபளவென்றுதான் இருக்கும். சில வருடம் கழித்து உப்புக்காற்று உள்ளே போய், கம்பி துருப்பிடித்து உப்பி, கான்கிரீட் பிளந்தால் அது பழுது. குறையை அன்றே குறித்திருந்தால் பழுது வந்திருக்காது. இந்த இரண்டையும் ஒரே சொல்லில் போட்டுக் குழப்பிவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பட்டியல் என்பதைவிட 'ஏடு' எனக்குப் பிடித்திருக்கிறது. பட்டியல் வேலை முடிந்ததும் கிழித்துப் போடுவது. ஏடு நிற்கும், பேரேடு, பதிவேடு மாதிரி. ரெரா எனப்படும் 2016 ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 14ஆம் பிரிவுப்படி, வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து வருடத்துக்குள் வாங்கியவர் குறையைச் சொன்னால், கட்டித்தந்தவர் 30 நாளுக்குள் காசு வாங்காமல் சரிசெய்துதர வேண்டும். ஒப்படைப்பு அன்று அந்தச் சுவர் எப்படி இருந்தது என்று நான்காவது வருடத்தில் காட்ட வேண்டிவந்தால், தேதியோடும் படத்தோடும் ஓர் ஏடு வேண்டாமா? அதனால்தான் குறையேடு.

> குறை என்றால் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாள்தானே நினைவுக்கு வரும்?

வரட்டும். அங்கே மனிதர் குறை, இங்கே சுவரின் குறை. இரண்டிலும் எழுதிக் கொடுக்கிறோம், ஒருவர் பொறுப்பேற்கிறார், தீர வேண்டும். இதில் முரண் எனக்குத் தெரியவில்லை.

எனக்கு உண்மையாகவே கவலை தந்தது வேறொன்று. இருபது வருடமாகக் கரணை பிடிக்கிறவரிடம் "உங்கள் வேலையில் குறை" என்று சொன்னால் முகம் சுருங்கிப்போகிறது. 'குறை சொல்லுதல்' என்றாலே நம் ஊரில் ஆளைக் குறை சொல்வதுதான். அந்த நெல்லிக்குப்பத்து மேஸ்திரியிடமே கேட்டேன். ஒரு டைல்ஸைக் கம்பியால் தட்டி, அடியில் காலி என்று சத்தம் கேட்டதும் நிமிர்ந்து, "குறை சொல்லாதீங்க சார், குறிச்சு வையுங்க. நான் பாத்துக்கறேன்" என்றார். இந்த வேலைக்குப் பெயர் எனக்கு அங்கேயே கிடைத்துவிட்டது: குறை குறித்தல்.

நிலைகளுக்கு நான் வைக்கிற சொற்கள் இவை. ஓப்பனுக்கு 'நிலுவை', அலுவலகங்களில் எல்லாரும் புழங்குகிற சொல். வேலை செய்தவர் தட்டுவது 'செய்தாயிற்று'. நேரில் பார்த்தபின் நான் தட்டுவது 'தீர்ந்தது'. இந்த இரண்டும் ஒன்றாகிவிடக் கூடாது. செய்ததாகச் சொல்வது ஒருவர், தீர்ந்ததாக ஏற்பது இன்னொருவர் என்பதில்தான் இந்த முறையே நிற்கிறது. திரும்ப வந்தால் 'மீண்டும் நிலுவை'.

செயலிக்காரர்கள் தமிழ்ச் சொற்களைத் திருத்தித்தரச் சொல்லி எங்களிடம் கேட்டிருக்கிறார்கள். வெள்ளிக்கிழமைக்குள் அனுப்ப வேண்டும். 'செய்தாயிற்று' சின்னத் திரையில் கொஞ்சம் நீளம். 'முடிந்தது' என்று போட்டால் 'தீர்ந்தது' என்பதோடு குழம்புமோ என்று பயமாக இருக்கிறது. இந்த ஒன்றுக்கு மட்டும் வேறு சொல் தோன்றினால் வியாழக்கிழமைக்குள் எழுதுங்கள். மேஸ்திரியிடம் காட்டிவிட்டுத்தான் அனுப்புவேன்.

அன்புடன்,
கடலூரிலிருந்து