இருபது லட்சத்தை வாங்கிக்கொண்டு பள்ளிகள் தூங்குகின்றனவாமே!

மலைக்கோட்டை வாத்தியார்:
‘வரிகட்டி’ என்ற பெயரில் எழுதும் அன்பர் நேற்று ஒரு முத்தை உதிர்த்திருக்கிறார்: “அடல் டிங்கரிங் லேப் அமைக்க மத்திய அரசு ஒவ்வொரு பள்ளிக்கும் 20 லட்சம் ரூபாயைக் கையில் கொடுக்கிறது. ஆசிரியர்கள் வாங்கிப் பூட்டிவைத்துவிட்டுத் தூங்குகிறார்கள்.”

மாணவர்கள் கருவிகளை வைத்துத் தாங்களே பொருள்கள் செய்து பழகும் அறை அது. அப்படியொரு லேப்புக்கு நான்கு ஆண்டுகள் பொறுப்பாசிரியராக இருந்தவன் நான். எந்தக் கையில் கொடுத்தார்கள் 20 லட்சத்தை? முதல் தவணை 12 லட்சம். கருவிகளுக்கு 10, முதல் ஆண்டுச் செலவுக்கு 2. மீதி, ஆண்டுக்கு 2 லட்சம் என்ற கணக்கில், பணத்தை எதற்குச் செலவிட்டோம் என்று காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழ் போய்ச் சேர்ந்து கணக்குச் சரியாக இருந்தால்தான். ஆகவே 12. எண்ணைத் திருத்திக்கொண்டு பிறகு எங்களைத் திட்டுங்கள்.

வரிகட்டி:
இயற்பியல் வாத்தியாருக்குக் கூட்டல் மறந்துவிட்டது போலும். கருவிகளுக்கு 10-உம் ஆண்டுச் செலவுகளுக்கு 10-உம் எவ்வளவு ஐயா? 2016-இல் மத்திய அரசின் கொள்கைக் குழுவான நிதி ஆயோக் இதைத் தொடங்கியபோதே 20 லட்சம் என்றுதான் சொன்னது. வங்கி வீட்டுக்கடனை மூன்று தவணையாகத் தருகிறது என்பதற்காக, முதல் தவணை மட்டும்தான் கடன் என்று யாராவது சொல்வார்களா? 20 என்றால் 20.

மலைக்கோட்டை வாத்தியார்:
கடனுக்கும் மானியத்துக்கும் வேறுபாடு தெரியாதவரிடம் என்ன பேசுவது? 1,500 சதுர அடி இடத்தைப் பள்ளியே காட்ட வேண்டும், தெரியுமா? அந்த 10 லட்சம் கருவிகளுக்கு, கட்டடத்துக்கு அல்ல. நாங்கள் பழைய சத்துணவுக் கிடங்கைக் காலிசெய்து, எலிப் புழுக்கையைக் கூட்டி, முன்னாள் மாணவர்களிடம் கையேந்தி வெள்ளையடித்தோம். அதற்கு எந்தத் தவணையும் வரவில்லை. 12.

பழைய பஸ்:
இடையில் ஒரு செய்தி. எங்கள் ஊர்ப் பள்ளியில் ‘டிங்கரிங் லேப்’ என்று பலகை மாட்டிய மறுநாளே, ஒருவர் கதவு நெளிந்த மாருதி காரை உள்ளே ஓட்டிவந்து நிறுத்தி, “பெயிண்ட்டும் சேர்த்து எவ்வளவு ஆகும்?” என்று கேட்டார். பாவம், அவர் மேல் என்ன பிழை? ஐம்பது ஆண்டுகளாக நம் ஊரில் டிங்கரிங் என்றால் அதுதானே.

சொல்லாய்வன்:
டிங்கரிங் போகட்டும். ‘அடல்’ தூய தமிழ்ச் சொல் என்பதை இங்கே ஒருவரும் கவனிக்கவில்லை. அடல் என்றால் வலிமை, வெற்றி, போர். அடலேறு என்று கேள்விப்பட்டதில்லையா?

வரிகட்டி:
அது வாஜ்பாயின் பெயர் ஐயா.

மலைக்கோட்டை வாத்தியார்:
சொல்லாய்வன் வந்துவிட்டார். சென்ற ஆண்டு ராக்கெட் விவாதத்தையும் ‘ஏவுகணையா, ஏவூர்தியா’ என்று எட்டுப் பக்கத்துக்கு இழுத்தவர் இவர்தான். நான் மறக்கவில்லை.

கரூர்க்காரி:
20-ஆ 12-ஆ என்று அடித்துக்கொள்ளுங்கள். எங்கள் நடுநிலைப் பள்ளிக்கு இரண்டும் இல்லை. எங்களுக்கு வானவில் மன்றம், பள்ளிக்கே வந்து அறிவியல் செய்துகாட்டும் மாநில அரசுத் திட்டம். 2022 நவம்பரில் முதல்வர் திருச்சியில் தொடங்கியது, 25 கோடி ரூபாய், 13 ஆயிரத்துச் சொச்சம் பள்ளிகள். வகுத்துப் பாருங்கள், பள்ளிக்கு 19 ஆயிரம்கூட வராது. ஒரு பெண் ஸ்கூட்டியில் பையோடு வருகிறாள். பலூன், ஸ்ட்ரா, காந்தம், எலுமிச்சம்பழம். அவள் வரும் நாளில் வருகைப் பதிவேட்டில் ஒரு கட்டம்கூடக் காலியாக இருப்பதில்லை.

வரிகட்டி:
நன்றி சகோதரி. இதைத்தான் சொன்னேன். 19 ஆயிரம் ஓடுகிறது, 20 லட்சம் தூங்குகிறது.

மலைக்கோட்டை வாத்தியார்:
12! எத்தனை முறை சொல்வது?

தூங்குகிறதாம். கேளுங்கள். எங்களுக்கு வந்த முப்பரிமாண அச்சுப்பொறி, பிளாஸ்டிக் இழையை உருக்கிப் பொருள் வார்க்கும் 3டி பிரிண்டர், இரண்டாம் மாதமே நின்றுவிட்டது. ஐப்பசி மழை. உறையைப் பிரித்துவைத்த பிளாஸ்டிக் இழை ஈரம் குடித்து, சூட்டில் படபடவென்று பொரிந்து, 0.4 மில்லிமீட்டர் துளையில் அடைத்துக்கொண்டது. விற்றவருக்குத் தொலைபேசினால், பொறியாளர் அடுத்த வாரம் வருவார். அந்த அடுத்த வாரம் தை வரைக்கும் வரவில்லை. ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி, அப்பா சைக்கிள் கடைக்காரர், பழைய பிரேக் வயரிலிருந்து ஒற்றைக் கம்பியை உருவிக்கொண்டு வந்தாள். துளையைச் சூடாக்கச் சொன்னாள், கம்பியை விட்டுக் குத்தினாள், கறுப்பாக ஒரு துளி விழுந்தது. அன்று மாலை அது அச்சடித்த முதல் பொருள் தலைமையாசிரியர் மேசை இழுப்பறையின் உடைந்த கைப்பிடி. இதற்குப் பெயர் தூக்கமா?

வரிகட்டி:
ஐப்பசி முதல் தை வரை பொறி தூங்கியது என்று நீங்களே ஒப்புக்கொண்டுவிட்டீர்கள்.

சில்லறைக்கணக்கு:
பள்ளிகளுக்குத் தணிக்கை பார்ப்பவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். தாளில் 20, வங்கியில் முதலில் 12. இருவர் சொல்வதும் சரி. உண்மையான தொல்லை வேறு. சும்மா கிடக்கும் மானியத்துக்கு வங்கி போடும் வட்டி பள்ளியுடையதன்று. 2017-ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகளின்படி அது அரசுக்கே திரும்ப வேண்டும். ஒரு தலைமையாசிரியர் அந்த வட்டியில் லேப்புக்கு இரண்டு மின்விசிறி வாங்கிவிட்டார். வெந்நீர்போல் வியர்வை ஓடும் அறை. கடைசியில் தன் சம்பளத்திலிருந்து கட்டினார். விசிறி இன்னும் சுற்றுகிறது.

மலைக்கோட்டை வாத்தியார்:
‘இருவர் சொல்வதும் சரி’ என்பது தணிக்கையாளர் பேச்சு. கட்டைவிரல் எந்தப் பக்கமும் சாயாது. உங்களைப் போன்ற ஒருவர்தான் 38 ரூபாய் சால்டர் கம்பிக்கு ரசீது இல்லை என்று எங்கள் சான்றிதழை மூன்று மாதம் முடக்கினார். ரசீது தர அந்தக் கடைக்காரருக்கு எழுதவே தெரியாது.

சில்லறைக்கணக்கு:
ரசீது இல்லாத செலவு செலவே அல்ல. அது 38 ரூபாயானாலும் சரி, 38 லட்சமானாலும் சரி.

பழைய பஸ்:
இப்போது 38 லட்சமாகிவிட்டதா?

வரிகட்டி:
2025 பட்ஜெட்டில் அடுத்த ஐந்து ஆண்டுகளில் அரசுப் பள்ளிகளுக்கு இன்னும் 50 ஆயிரம் லேப் என்று அறிவித்திருக்கிறார்கள். அப்போதே இருந்தது 10 ஆயிரம். பூட்டு விற்பவர்களுக்கு நல்ல காலம்.

கரூர்க்காரி:
அந்த 50 ஆயிரத்தில் எங்கள் பள்ளி வருமா என்று யாராவது சொல்லுங்களேன். 1,500 சதுர அடி எங்களிடம் இல்லை. வேப்பமரத்தடி சேர்த்தால் இருக்கிறது.

சொல்லாய்வன்:
‘சால்டர்’ என்று எழுதாதீர்கள். பற்றவைப்பு ஈயம்.

மலைக்கோட்டை வாத்தியார்:
பூட்டு என்று எழுதியவர் ஒருநாள் திருச்சிக்கு வரட்டும். சாவி இன்றும் என்னிடம்தான் இருக்கிறது. சனிக்கிழமைதோறும் நான்தான் போய்த் திறக்கிறேன், ஓய்வுபெற்ற பிறகும்.

வரிகட்டி:
மற்ற ஆறு நாளும் பூட்டியிருக்கிறது என்கிறீர்கள். 20 லட்ச ரூபாய் லேப்.

மலைக்கோட்டை வாத்தியார்:
12. நாளை வங்கிப் புத்தகத்தைப் படமெடுத்துப் போடுகிறேன்.

சில்லறைக்கணக்கு:
பள்ளியின் வங்கிப் புத்தகம் ஓய்வுபெற்றவரிடம் எப்படி இருக்கிறது?