மின்சார கார் வந்த பிறகு மின் கட்டணம் ரூ.9,527. கணக்கு எங்கே பிசகியது? உதவுங்கள்

மேலூர்ப் பயணி | 2025 ஜூன்

வணக்கம். மதுரை கே.கே. நகரில் சொந்த வீடு. மேலூரில் ஒரு வங்கிக் கிளையில் வேலை. போக வர 50 கிலோமீட்டர். பதினொரு ஆண்டுகள் ஓட்டிய பெட்ரோல் காரைக் கொடுத்துவிட்டு மார்ச் கடைசியில் மின்சார கார் வாங்கினோம். 24 யூனிட் கொள்ளும் பேட்டரி, சிறிய கார். வேண்டாம் என்று சொன்ன மாமனாரைப் பேசிப் பேசிச் சம்மதிக்க வைத்தவள் நான்தான்.

விற்பனையாளர் "கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய்கூட ஆகாது" என்றார். நானும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். காரின் திரை ஒரு யூனிட்டுக்கு 7 கிலோமீட்டர் காட்டுகிறது. யூனிட் ரூ.4.70 என்றால் கிலோமீட்டருக்கு 67 பைசா.

இப்போது ஏப்ரல், மே மாதங்களுக்கான ரீடிங் எடுத்துவிட்டுப் போனார்கள். 1,230 யூனிட், ரூ.9,527. இதற்கு முந்தைய பில் 480 யூனிட், ரூ.1,679. அதாவது ரூ.7,848 கூடுதல். இந்த இரண்டு மாதங்களில் கார் ஓடியது 3,000 கிலோமீட்டர். வகுத்தால் கிலோமீட்டருக்கு ரூ.2.62 வருகிறது. நான் நினைத்ததைப் போல நான்கு மடங்கு.

மீட்டரில் கோளாறா? சார்ஜரில் கசிவா? என் கணக்கே தவறா? மாமனார் மின் அட்டையைச் சாப்பாட்டு மேசை மீதே வைத்திருக்கிறார். எதுவும் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

---

பழைய லைன்மேன்

அம்மா, மீட்டர் மீது சந்தேகம் வேண்டாம். பதில் சொல்வதற்கு முன் ஒரு விவரம் தேவை. போன ஆண்டு இதே ஏப்ரல், மே மாதங்களில் எத்தனை யூனிட்? பிப்ரவரி, மார்ச் பில்லுடன் கோடைக்காலப் பில்லை ஒப்பிடக் கூடாது. அட்டையில் இருக்கும், பாருங்கள்.

---

மேலூர்ப் பயணி

பார்த்தேன் ஐயா. 2024 ஏப்ரல், மே: 735 யூனிட், ரூ.3,965. இந்த ஆண்டும் இரண்டு படுக்கையறை ஏ.சி.க்களும் அதே அளவுதான் ஓடின. அழகர் ஆற்றில் இறங்கிய வாரம் வழக்கம்போல் சிவகங்கை உறவினர்கள் வந்து தங்கினார்கள். வீட்டில் வேறு எதுவும் புதிதில்லை.

---

பழைய லைன்மேன்

அப்படியென்றால் விடை அட்டையிலேயே இருக்கிறது. 1,230இல் 735 போனால் 495. அதுதான் கார் குடித்த மின்சாரம்.

சரிபார்ப்போம். 3,000 கிலோமீட்டரை 7ஆல் வகுத்தால் 428 யூனிட். உங்கள் காரின் திரை காட்டுவது பேட்டரியிலிருந்து வெளியே போனதை மட்டும். சுவரிலிருந்து எடுத்ததை அது காட்டாது. வீட்டுக்கு வரும் மாறுதிசை மின்சாரத்தைப் பேட்டரிக்கான நேர்திசையாக மாற்றும்போது வெப்பமாகக் கொஞ்சம் போகும், சார்ஜ் ஏறும்போது காருக்குள் ஓடும் கருவிகளுக்குக் கொஞ்சம் போகும். நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து வரை இப்படிப் போவது இயல்பு. உங்களுக்கு 67 யூனிட் போயிருக்கிறது. கசிவு ஏதும் இல்லை.

அடுத்தது விலை. நீங்கள் எல்லா யூனிட்டுக்கும் ரூ.4.70 போட்டுவிட்டீர்கள். நம் ஊரில் அப்படி இல்லை. இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டாதவருக்கு முதல் 100 இலவசம், அடுத்த 100 ரூ.2.35, 400 வரை ரூ.4.70, 500 வரை ரூ.6.30. 500ஐத் தாண்டிவிட்டால் அந்த ரூ.2.35 சலுகை போய்விடும். 101லிருந்து 400 வரை எல்லாமே ரூ.4.70. பிறகு 501 முதல் 600 வரை ரூ.8.40, 800 வரை ரூ.9.45, 1,000 வரை ரூ.10.50, அதற்கு மேல் ரூ.11.55. 500 யூனிட்டில் நிற்பவருக்கு ரூ.1,805. 501 ஆனால் ரூ.2,048. ஒரே ஒரு யூனிட்டுக்கு ரூ.243!

உங்கள் வீடு கோடையில் தானாகவே 735இல் நிற்கிறது. கார் அதன் தலைமீது ஏறி உட்காருகிறது. ஆகவே காருக்குப் போன யூனிட் ஒன்றுகூட ரூ.4.70க்குக் கிடைக்கவில்லை. முதல் 65 யூனிட் ரூ.9.45, அடுத்த 200 ரூ.10.50, மீதி 230 ரூ.11.55.

இன்னொன்றும் கவனியுங்கள். 2024 ஜூலை 1 முதல் கட்டணம் உயர்ந்தது. போன ஆண்டின் அதே 735 யூனிட்டுக்கு இப்போதைய விலையில் ரூ.4,156 ஆகும். அதைக் கழித்தால்தான் நியாயமான ஒப்பீடு. 9,527இல் 4,156 போக ரூ.5,371. கிலோமீட்டருக்கு ரூ.1.79. மீதி ரூ.2,477 கோடையின் பங்கு. கார் வந்திருக்காவிட்டாலும் அதை நீங்கள் கட்டித்தான் இருப்பீர்கள்.

---

நான்குவழிச்சாலை

ஐயா சொன்னதை அப்படியே ஏற்கிறேன். பழைய காரின் கணக்கையும் பக்கத்தில் வையுங்கள் சகோதரி. அது லிட்டருக்கு எவ்வளவு தந்தது?

---

மேலூர்ப் பயணி

ஏ.சி. போட்டு ஓட்டினால் 16. பெட்ரோல் 101 ரூபாய் கணக்கில் போட்டுவந்தோம்.

---

நான்குவழிச்சாலை

3,000 கிலோமீட்டருக்கு 187.5 லிட்டர். ஏறக்குறைய ரூ.18,940. கிலோமீட்டருக்கு ரூ.6.31. மின்சாரத்துக்கு ரூ.5,371. இரண்டு மாதத்தில் ரூ.13,500க்கு மேல் மிச்சம். உங்கள் மாமனாரிடம் மின் அட்டை மட்டும்தான் இருக்கிறது. பெட்ரோல் செலவு நாலைந்து நாளுக்கு ஒருமுறை ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறாகப் போனதால் யார் கண்ணிலும் படவில்லை. பழைய பங்க் ரசீதுகள் இருந்தால் எடுத்து அட்டைக்குப் பக்கத்தில் வையுங்கள்.

வெளியூர்ப் பயணத்துக்கு மட்டும் இந்தக் கணக்கு செல்லாது. நான் மதுரையிலிருந்து சென்னைக்கு அடிக்கடி போகிறேன். வழியில் உள்ள வேக சார்ஜர்களில் நான் கொடுப்பது வரியோடு யூனிட்டுக்கு 20 ரூபாய்க்கு மேல். சார்ஜ் செய்யும் சேவைக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம். நூறு கிலோமீட்டர் வேகத்தில் போனால் யூனிட்டுக்கு 6 கிலோமீட்டர் கிடைப்பதே பெரிது. 22 ரூபாய் என்று வைத்தால் கிலோமீட்டருக்கு ரூ.3.70 ஆகிவிடுகிறது. அதே சாலையில் ஒரு நல்ல பெட்ரோல் கார் 20 கிலோமீட்டர் தந்தால் ரூ.5.05. மிச்சம் இருக்கிறது, ஆனால் சிறியது. வீட்டில் சார்ஜ் செய்ய இடமில்லாத அடுக்குமாடிக்காரர்கள் இதை யோசிக்காமல் வாங்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

---

குறைவாக ஓட்டுபவன்

நானும் இந்தக் கணக்கைப் போட்டுத்தான் வாங்காமல் நின்றேன். என் ஓட்டம் மாதம் 500 கிலோமீட்டர். கிலோமீட்டருக்கு நாலரை ரூபாய் மிச்சம் என்றால் ஆண்டுக்கு ரூ.27,000. நான் பார்த்த இரண்டு கார்களுக்கும் விலை வித்தியாசம் 3 லட்சம். பதினொரு ஆண்டு காத்திருக்க வேண்டும். சகோதரிக்கு மாதம் 1,500 கிலோமீட்டர், ஆண்டுக்கு ரூ.81,000. அதே 3 லட்சம் நான்கு ஆண்டுக்குள் வந்துவிடும்.

காப்பீட்டையும் சேர்த்துப் பார்த்தீர்களா? மூன்றாம் நபர் காப்பீட்டில் மின் வாகனத்துக்குச் சலுகை உண்டு. 30 கிலோவாட்டுக்குள் என்றால் ரூ.1,780தானே?

---

நான்குவழிச்சாலை

அந்த 30 கிலோவாட் மோட்டாரின் திறன், பேட்டரியின் அளவு அல்ல. நிறையப் பேர் இதில் குழம்புகிறார்கள். இப்போது விற்கும் 24 யூனிட் பேட்டரி கார்களில் மோட்டார் 30 கிலோவாட்டைத் தாண்டியிருக்கும். அதற்கு மூன்றாம் நபர் பிரீமியம் ஆண்டுக்கு ரூ.2,904. 1,000 முதல் 1,500 சி.சி. பெட்ரோல் காருக்கு ரூ.3,416. ஐந்நூறு ரூபாய் வித்தியாசம்தான். காரின் விலை கூடுதலாக இருப்பதால் சொந்தச் சேதத்துக்கான பிரீமியம் அதை விழுங்கிவிடும். காப்பீட்டில் மிச்சம் தேடாதீர்கள்.

சர்வீசில் தேடலாம். எஞ்சின் ஆயில் இல்லை, ஸ்பார்க் பிளக் இல்லை. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலே வேகம் குறைந்து மின்சாரம் திரும்பிப் போவதால் பிரேக் பேடும் நீண்ட நாள் உழைக்கிறது. டயர் மட்டும் சீக்கிரம் தேய்கிறது. வண்டியின் எடை அதிகம், புறப்படும்போது இழுவையும் அதிகம்.

---

பழைய லைன்மேன்

அம்மா, பணத்தை விட முக்கியமானது ஒன்று. எந்த பிளக்கில் சார்ஜ் போடுகிறீர்கள்?

---

மேலூர்ப் பயணி

கார் நிறுத்துமிடத்தில் முன்பே இருந்த 15 ஆம்பியர் பிளக்கில். தண்ணீர் மோட்டார் ஓடும் லைனிலிருந்து எடுத்தது. காலையில் தொட்டால் பிளக் சூடாக இருக்கிறது.

---

பழைய லைன்மேன்

இன்றிரவு அதில் போடாதீர்கள். தயவுசெய்து.

3.3 கிலோவாட் சார்ஜர் ஏறக்குறைய 14 ஆம்பியர் இழுக்கும். வாட்டர் ஹீட்டர் அதற்கு நெருக்கமாக இழுத்தாலும் சற்று நேரத்தில் நின்றுவிடும். கார் ஏழெட்டு மணி நேரம் விடாமல் இழுக்கும். தளர்ந்த இணைப்பு இருந்தால் அங்கேதான் சூடு ஏறும், கருகும். மெயின் போர்டிலிருந்து தனியாக 4 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி, சுமை மீறினால் துண்டிக்கும் தனி எம்.சி.பி., மின்கசிவைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி., புதிய தொழில்துறை ரக பிளக். எர்த்தைச் சோதிக்கச் சொல்லுங்கள். உரிமம் உள்ளவரை வைத்துச் செய்யுங்கள். உங்கள் இணைப்பின் அனுமதிக்கப்பட்ட சுமை எவ்வளவு என்றும் அட்டையில் பார்த்துக்கொள்ளுங்கள். கார், இரண்டு ஏ.சி., மோட்டார் எல்லாம் சேர்ந்தால் அதைத் தாண்டலாம். அப்படியானால் விண்ணப்பித்து உயர்த்திக்கொள்வதே நல்லது.

அந்தத் தனி லைனில், காருக்குப் போகும் யூனிட்டை மட்டும் காட்டும் ஒரு சிறிய சப் மீட்டரையும் வைக்கச் சொல்லுங்கள். அடுத்த முறை யாரும் ஊகிக்க வேண்டியதில்லை.

---

தென்மேற்கு வெயில்

கட்டணத்தைக் குறைக்க ஒரு வழி: மொட்டை மாடியில் சூரிய மின் தகடு. ஒரு கிலோவாட்டுக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 4 யூனிட் கிடைக்கும். 3 கிலோவாட் போட்டால் இரண்டு மாதத்தில் 720 யூனிட் வரை. 2024 பிப்ரவரியில் தொடங்கிய மத்திய அரசின் பி.எம். சூரிய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு ரூ.78,000 மானியம் உண்டு. இரவில் கார் சார்ஜ் ஆகிறதே என்று கவலைப்பட வேண்டாம். பகலில் மின்வாரியத்துக்குப் போகும் மின்சாரம் இரவு எடுப்பதில் கழிக்கப்படும்.

உங்களுக்குக் கூடுதல் லாபம் எங்கே என்றால், தகடு குறைப்பது விலை அதிகமான மேல் கட்டண அடுக்கின் யூனிட்டுகளை. 1,230இல் 720 போனால் 510. ரூ.9,527 வர வேண்டிய பில் ரூ.2,124 ஆகும். இரண்டு மாதத்துக்கு 500ஐத் தாண்டாத வீட்டுக்கு இந்த முதலீடு மெதுவாகத்தான் திரும்பும். உங்கள் வீட்டுக்கு அப்படி இல்லை.

---

மேலூர்ப் பயணி | 2025 ஆகஸ்ட்

அனைவருக்கும் நன்றி. மறுநாளே எலக்ட்ரீஷியன் வந்தார். பழைய பிளக்கைக் கழற்றியபோது உள்ளே ஒரு பக்கம் பழுப்பேறிக் கருகத் தொடங்கியிருந்தது. லைன்மேன் ஐயா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. தனி லைனும் சப் மீட்டரும் போட்டாயிற்று.

ஜூன், ஜூலை பில் வந்தது. 1,010 யூனிட், ரூ.6,985. சப் மீட்டரில் 494. காரைக் கழித்தால் வீட்டுக்கு 516 யூனிட், ரூ.2,174. காருக்கு ரூ.4,811. ஓடியது 3,050 கிலோமீட்டர். கிலோமீட்டருக்கு ரூ.1.58. ஏ.சி. குறைந்ததால் காரின் யூனிட்டுகளும் கீழ்க் கட்டண அடுக்குக்கு இறங்கியிருக்கின்றன. நீங்கள் சொன்னது அப்படியே நடந்தது.

பீரோவில் பழைய பங்க் ரசீதுகள் கொஞ்சம் கிடைத்தன. மாமனாரே அவற்றைக் கூட்டிப் பார்த்தார். இப்போது தினமும் காலையில் பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் சப் மீட்டர் ரீடிங்கை அவர்தான் எழுதிவைக்கிறார். சூரிய மின் தகடு போடலாமே என்று கேட்டதும் அவர்தான்.

அதில் ஒரு சிக்கல். மாடியின் மேற்குப் பக்கம் அடுத்த வீட்டுத் தென்னை மரம். மூன்று மணிக்குப் பிறகு நிழல் விழுகிறது. தகடு போட வந்து பார்த்தவர் "பரவாயில்லை" என்கிறார். நம்பலாமா?

---

தென்மேற்கு வெயில்

இப்போதே நம்ப வேண்டாம். ஒரு வரிசையில் ஒரு தகட்டின் மீது நிழல் விழுந்தாலும், இணைப்பைப் பொறுத்து, வரிசை முழுவதன் உற்பத்தியும் குறையக்கூடும். சூரியன் மிகவும் தெற்கே சாய்ந்து நிழல் நீளும் மாதம் டிசம்பர். காலை ஒன்பது, நண்பகல், மூன்று மணிக்கு நிழல் எங்கே விழுகிறது என்று மாடித் தரையில் சாக்பீசால் கோடு போட்டுப் படம் எடுத்து அனுப்புங்கள். தகட்டைக் கிழக்குப் பக்கம் நகர்த்த இடமிருக்கிறதா, தண்ணீர்த் தொட்டி எங்கே இருக்கிறது என்பதும் தெரிய வேண்டும்.

---

மேலூர்ப் பயணி

தொட்டி வடகிழக்கு மூலையில். ஞாயிற்றுக்கிழமை மாமனாரும் நானும் மாடிக்குப் போய்க் கோடு போட்டுவிட்டு அனுப்புகிறோம்.