மறு: சின்டர் ஆலைக்குத் தமிழ்ச்சொல் – 'தாதடை' பொருந்துமா?

அனைவருக்கும் வணக்கம்.

இந்தப் பேச்சைத் தொடங்கியவன் நான் என்பதால் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். சரிபார்க்கச் சொல்லி என்னிடம் வந்த ஒரு சுற்றுச்சூழல் அறிக்கையின் மொழிபெயர்ப்பில், மூலத்தில் 'சின்டர் ஆலை' (இரும்புத்தாதுப் பொடியைச் சுட்டுக் கட்டியாக்கும் ஆலை) என்றிருந்த இடமெல்லாம் 'உருக்கு உலை' என்று இருந்தது. கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு முன் ஊர் மக்கள் கையில் போகிற தாள் அது. அதைப் படித்தவர்கள் தாதை உருக்கி இரும்பாக்கும் ஊதுலையை அண்ணாந்து பார்த்துக் கேள்வி கேட்பார்கள். தூசியும் டையாக்சின் என்ற நச்சும் வருவதோ பக்கத்தில் நிற்கும் வேறொரு புகைபோக்கியிலிருந்து.

அங்கே நடப்பது உருக்குதல் அல்ல. இரும்புத்தாதுப் பொடியை அப்படியே ஊதுலைக்குள் கொட்டினால் காற்று மேலேறும் வழி அடைத்துக்கொள்ளும். அதனால் பொடியோடு கற்கரித் (கோக்) தூள், சுண்ணாம்புக்கல், முன்பு சலித்து ஒதுக்கிய தூள் எல்லாவற்றையும் கலந்து, தண்ணீர் தெளித்துப் புரட்டி, நகரும் தட்டுகளில் அரை மீட்டருக்கும் மேலான உயரத்துக்குப் பரப்புகிறார்கள். மேற்பரப்பில் மட்டும்தான் தீ வைப்பது. அடியிலிருந்து காற்றை உறிஞ்ச உறிஞ்சத் தீ மெல்லக் கீழே இறங்குகிறது. சூடு 1,300 டிகிரி செல்சியஸைத் தொட்டாலும் பொடி முழுவதும் உருகுவதில்லை. ஓரங்கள் இளகி ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன. கடலை மிட்டாயில் பாகு செய்கிற வேலைதான். டுவைட், லாயிட் என்ற இருவர் 1906இல் வகுத்த முறை இது. இன்றும் அடிப்படை மாறவில்லை.

என் மேசையில் தாள் பறக்காமலிருக்க ஒரு சின்டர் துண்டை வைத்திருக்கிறேன். கருஞ்சாம்பல் நிறம், உடல் முழுக்கத் துளை, விரலைக் கீறும் விளிம்பு. இதைப் பார்த்துக்கொண்டேதான் சொல் தேடினேன்.

இந்தப் பேச்சில் பேராசிரியர் ஐயா முன்வைத்த 'கிட்டங்கட்டல்' வரலாற்றுப்படி அழகான சொல். ஜெர்மானியரின் 'சின்டர்' என்ற சொல்லே முதலில் உலைக்கழிவைத்தான் குறித்தது. நம் அயக்கிட்டமும் அதே பொருள். ஆனால் இடறுவதும் அங்கேயேதான். கிட்டம் என்றால் தள்ளுபடி. இது ஊதுலைக்குத் தீனி. 'கிட்ட ஆலை' என்று எழுதினால் கழிவு கொட்டும் இடம் என்றுதான் படிப்பார்கள்.

'உருகுபிணைப்பு' வேண்டாம். மறுபடியும் 'உருக்கு' வந்து ஒட்டிக்கொள்ளும்.

சீனர்களும் ஜப்பானியர்களும் 'எரி', 'கட்டு' என்ற பொருள் தரும் இரண்டு எழுத்துகளைச் சேர்த்துச் சொல் ஆக்கிவிட்டார்கள். அதே வழியில் 'சுடுகட்டு' என்று எழுதிப் பார்த்தேன். இரண்டு முறை வாய்விட்டுச் சொன்னதும் சுடுகாட்டில் போய் நின்றேன். 'சுடு'வோடு 'அடை'யைச் சேர்க்கலாமே என்றார் மொழிபெயர்ப்பாளர் அம்மா. முற்றியலுகரம் என்பதால் வகர உடம்படுமெய் வந்து 'சுடுவடை' ஆகிறது. அதைத் தேநீர்க்கடைக்கே விட்டுவிடலாம்.

ஆனால் 'அடை' என்ற அவரது பிடி சரியான பிடி. தாது + அடை, உகரம் கெட்டுத் 'தாதடை'. தேனடையைப் போலவே துளை நிறைந்த கட்டி. தாது என்றால் மகரந்தமும்தானே என்று ஒருவர் கேட்கக்கூடும். எஃகு ஆலை அறிக்கையில் வண்டு வராது.

இந்தச் சொல்லில் துளை இருப்பதை நான் பெரிதாக நினைக்கிறேன். மாசின் கதையே துளைவழிக் காற்றின் கதை. ஒரு டன் தாதடைக்குச் சுமார் 1,500 முதல் 2,500 கனமீட்டர் வரை புகைவாயு உறிஞ்சப்படுகிறது. தூசி, கந்தக டையாக்சைடு, நைட்ரஜன் ஆக்சைடுகள் எல்லாம் அதனோடுதான் வெளியே வருகின்றன. தீ இன்னும் எட்டாத அடிப்படுகையில் டையாக்சின் உருவாகிறது. கலவையில் குளோரினும் எண்ணெய் ஒட்டிய உருட்டாலைச் செதிலும் (எஃகை உருட்டும்போது உதிரும் ஆக்சைடுச் செதில்) இருந்தால் கூடுகிறது. எளிதில் சிதையாத நச்சு மாசுகளைக் கட்டுப்படுத்தும் 2001ஆம் ஆண்டின் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை, தன் இணைப்பில் இந்த ஆலைகளைப் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. அதற்குத் தமிழில் ஒரு பெயர் இல்லாமல் எப்படி மொழிபெயர்ப்பது?

சொல்லை வாக்கியத்தில் உட்காரவைத்துப் பார்த்தேன். 'சீனாவின் 2019ஆம் ஆண்டு வரம்பின்படி, தாதடை ஆலையின் தலைப்பக்கப் புகையில் ஒரு கனமீட்டருக்குத் தூசி 10, கந்தக டையாக்சைடு 35, நைட்ரஜன் ஆக்சைடுகள் 50 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது.' உறுத்தவில்லை. 'தலை', 'வால்' இரண்டும் சீனர்கள் இயந்திரத்தின் இரு முனைகளுக்கு வைத்த பெயர்கள். அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

கூடவே ஒரு பழைய மனக்குறை. புகையிலுள்ள தூசியை மின்புலத்தால் பிடிக்கும் கருவியை 'மின்நிலை வீழ்படிவாக்கி' என்று பாடநூல் நடையில் எழுதுகிறோம். வீழ்படிவு கரைசலில் விழுவது. இங்கே தூசி தகட்டில் ஒட்டுகிறது. 'மின்புலத் தூசிபிடி' போதும் என்பேன். தாதடை ஆலையின் நுண்தூசியில் பொட்டாசியம் குளோரைடு போன்ற உப்புகள் மிகுதி. அவை மின்சாரத்துக்கு எளிதில் வழிவிடாததால் இந்தக் கருவி திணறுகிறது. அதனால்தான் சுண்ணாம்புத் தூளும் கரித்தூளும் தூவித் துணிப்பை வடிகட்டியில் பிடிக்கும் முறை வந்தது. ஆஸ்திரியாவின் லின்ஸ் ஆலையில் 2007இல் இப்படியொன்றை நிறுவினார்கள். 'பிடிக்கிறது', 'பிடிக்கவில்லை' என்று எழுத 'தூசிபிடி' எவ்வளவு வசதி பாருங்கள்.

பீங்கானையும் உலோகத்தூளையும் அச்சில் அழுத்திச் சுடும் தொழிலையும் 'சின்டர்' என்றே சொல்கிறார்கள்; அதற்குத் 'தாதடை' ஆகாது என்று பேராசிரியர் ஐயா சொல்வது உண்மை. அங்கே தாதும் இல்லை, துளையும் வேண்டாத விருந்தாளி. அதற்குச் 'சூட்டிறுக்கம்' என்று தனியாக வைத்துக்கொள்வோம். பிறமொழியார் இரண்டையும் ஒரே சொல்லால் சமாளிப்பதால் நாமும் அப்படியே செய்ய வேண்டுமா?

தட்டுகளுக்கு அடியில் காற்றை உறிஞ்சும் பெட்டிகளுக்குத்தான் இன்னும் சொல் அமையவில்லை. 'காற்றுப்பெட்டி' என்றால் ஆர்மோனியம் நினைவுக்கு வருகிறது. 'உறிஞ்சறை' எப்படி? வியாழக்கிழமை தாளைத் திருப்பித் தர வேண்டும். முதலிடத்தில் 'தாதடை எனப்படும் சின்டர்' என்றும் பிறகு 'தாதடை' என்று மட்டும் எழுதப்போகிறேன். மறுப்பு இருந்தால் புதன் இரவுக்குள் சொல்லுங்கள்.