செங்கிண்ணம் விட்ட புகை

மழை ஓய்ந்த மறுநாள் காலை, காட்டுப் பாதையோரம் பட்டை உரிந்து கிடந்த கிளையில் சிவப்பாக ஏதோ தெரிந்தது. உதிர்ந்த பூவிதழ் என்று நினைத்துத் தாண்டிப் போய்விட்டேன். அந்தப் பக்கம் பூத்த மரமே இல்லையே என்று பத்தடி போன பிறகுதான் உறைத்தது. திரும்பி வந்து மண்டியிட்டேன்.

கிண்ணக் காளான்கள். ஏழு இருந்தன. பெரியது என் கட்டைவிரல் நகத்தைவிடச் சற்று அகலம். சிறியது மிளகளவு, வாய் இன்னும் சரியாகத் திறக்கவில்லை. உட்புறம் வழவழவென்று குங்குமச் சிவப்பு, வெளிப்புறம் மாவு பூசியதுபோல வெளுப்பு. ஒன்றில் ஒரே ஒரு சொட்டு மழைநீர் தேங்கியிருந்தது.

இன்னும் குனிந்தேன். என் மூச்சுக்காற்று பட்டிருக்க வேண்டும். பெரிய கிண்ணத்திலிருந்து வெண்புகை ஒரு கீற்றாக எழுந்து கலைந்தது. அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பிறகு படித்துத்தான் விஷயம் புரிந்தது. அந்தச் சிவப்புப் பரப்பு முழுவதும் நுண்ணிய பைகள். ஒவ்வொன்றிலும் பெரும்பாலும் 8 வித்துகள், அதாவது காளான் பரவ உதவும் நுண்துகள்கள். காற்றோ ஈரப்பதமோ சட்டென்று மாறினால் ஆயிரக்கணக்கான பைகள் ஒரே நேரத்தில் வெடித்து வித்துகளைப் புகைபோல வீசுகின்றன. தனி வித்து என்றால் காற்று உடனே தடுத்து நிறுத்திவிடும். கூட்டமாகப் பாய்வதால் அவை காற்றையும் சேர்த்து இழுத்துக்கொண்டு உயரப் போகின்றன. இத்தனை சிறிய உடலுக்குள் இப்படி ஓர் ஏற்பாடா என்று இன்றும் வியக்கிறேன். இதைப் போல வேறு யாராவது பார்த்திருக்கிறீர்களா?

*

நீங்கள் பார்த்த புகையை நான் காதால் கேட்டிருக்கிறேன். பழுப்பு நிறப் பெரிய கிண்ணம் ஒன்றைக் காதருகே கொண்டுபோனபோது 'ஸ்ஸ்' என்று மெல்லிய சீறல்.

ஆனால் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பிடித்தது பறவைக்கூட்டுக் காளான்தான். பூந்தொட்டியில் போட்ட மரத்தூளில் முளைத்திருந்தது. "அம்மா, கூட்டுக்குள்ளே முட்டை!" என்று மகள் கத்தினாள். ஒரு சென்டிமீட்டர்கூட அகலமில்லாத கிண்ணத்துக்குள் சாம்பல் நிறத்தில் ஐந்து தட்டையான முட்டைகள். ஒவ்வொன்றும் வித்துகள் அடங்கிய பொதி. மழைத்துளி நேராகக் கிண்ணத்துக்குள் விழுந்தால் அந்த வேகத்திலேயே பொதி வெளியே தெறிக்கும். சில வகைகளில் பின்னால் ஒட்டும் நுனியுள்ள இழை ஒன்று வால்போல நீண்டு, எதிர்ப்படும் தண்டில் சுற்றிக்கொள்ளும்.

மறுநாள் நல்ல மழை. விட்டதும் மகள் தொட்டியடிக்கு ஓடினாள். மூன்று முட்டைகள்தான் மிச்சம். காணாமல்போன இரண்டைத் தேடி மாலைவரை இலை இலையாகப் புரட்டினாள். இருட்டும் நேரத்தில் ஒன்று கிடைத்தது, தொட்டிக்கு மேலே இரண்டு சாண் உயரத்தில், ஓர் இலையின் அடிப்பக்கம் ஒட்டிக்கொண்டு.